பேர் வைக்காமல் வளர்த்த எருமைகள்

அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, கண் ஆபரேஷன் என்று ஈரோட்டுக்குக் கூட்டிப்போன அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் சிக்கல் ஆரம்பித்துவிட்டது. எருமை பால் விடவில்லை. கன்றை ஊட்டவிட்டுப் பார்த்தார்கள், பருத்திக்கொட்டையை ஆட்டித் தண்ணீரில் கலந்து வைத்துப் பார்த்தார்கள். மாமா உட்கார்ந்தார், அத்தை உட்கார்ந்தார், பக்கத்துத் தோட்டத்திலிருந்து கறவைக்குப் பேர்போன ஒரு பெரியவரும் வந்து உட்கார்ந்தார். மடி கல் மாதிரி கட்டிக்கொண்டு நிற்கிறது, காம்பில் ஒரு சொட்டு இல்லை. ராத்திரி முழுக்க எருமை கத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் விடியற்காலையில் அத்தை, கொடியில் கிடந்த அம்மாயியின் துவைக்காத சீலையை எடுத்துச் சுற்றிக்கொண்டு, முக்காடும் போட்டுக்கொண்டு, வாயே திறக்காமல் போய் மடியைத் தொட்டார். எருமை தலையைத் திருப்பி ஒருமுறை மோந்து பார்த்தது. அப்புறம் மெதுவாகச் சொரப்பு விட்டது. வழக்கமாகக் கறப்பதில் பாதிதான், ஆனால் விட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அத்தை அந்தச் சீலையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்ததும், மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் நாங்கள் எல்லோரும் கட்டுத்தரைக்கு வெளியே நின்றதும் இன்னும் கண்ணில் இருக்கிறது. எருமை வைத்திருந்த வீடுகளில் விசாரித்தால் இதேபோல ஒரு சீலைக் கதை கிடைக்கும். கை மாறினால், குரல் மாறினால், வேற்றாள் வந்து நின்றால் எருமை பாலை அடக்கிக்கொள்ளும். பசுமாட்டுக்கும் அந்தக் குணம் உண்டு என்றாலும் எருமைக்கு அது ரொம்ப அதிகம். இப்படி ஆளைத் தெரிந்துவைத்திருக்கிற ஒரு உயிரின் பேரைத்தான் ஒன்றும் புரியாதவர்களைத் திட்டுவதற்கு நாம் எடுத்துக்கொண்டோம். எனக்கு இது சின்ன வயதிலிருந்தே பொறுக்காது. பள்ளிக்கூடத்தில் யாராவது யாரையாவது அப்படித் திட்டினால் அம்மாயியின் எருமைதான் ஞாபகத்துக்கு வரும்.

எங்கள் அம்மாயி ஊர் ஊத்துக்குளிக்கும் சென்னிமலைக்கும் நடுவில். வானம் பார்த்த பூமி. சோளம், கம்பு, கடலை, அதுபோக மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த கொறங்காடு. கொறங்காடு தெரியாதவர்களுக்கு: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழை பெய்தால் புல் வரும், பெய்யாவிட்டால் வேல மரத்தின் காய் விழும். அந்தக் காட்டில்தான் அம்மாவின் அப்பாவான அப்புச்சியின் காங்கேயம் காளைகளும், செம்மறி ஆடுகளும், அம்மாயியின் மூன்று எருமைகளும் மேயும். அப்புச்சியின், அம்மாயியின் என்று பிரித்துச் சொல்வது தெரிந்தேதான். காளைகள் அவருடையவை, எருமைகள் இவருடையவை. கணக்கும் தனித்தனி.

எருமையோடு ஒரு நாள் எப்படிப் போகும் என்று இப்போது பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை. விடிகாலை நாலரைக்குக் கறவை. கறந்ததும் சோளத்தட்டு நாலு கத்தை. வீட்டில் அரிசி கழுவின தண்ணீர், சோறு வடித்த கஞ்சி, காய் நறுக்கிய தோல் எதுவும் வெளியே போகாது, எல்லாம் கழனிப் பானைக்கு. புண்ணாக்கையும் தவிட்டையும் அதில் கரைத்து வைத்தால் எருமை மூக்கு முழுகக் குடித்துவிட்டு, கடைசியில் பானையின் அடியை நக்குகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். காய்ந்த தட்டும், வைக்கோலும், பசுமாடு முகத்தைத் திருப்பிக்கொள்கிற முற்றின புல்லும் எருமைக்குப் போதும். நார் மிகுந்த தீவனத்தைச் செரித்துப் பாலாக்குகிற திறமை அதற்குக் கொஞ்சம் கூடுதல். நல்ல தீவனம் காசு கொடுத்து வாங்க முடியாத வீடுகளில் எருமை நின்றதற்கு இது ஒரு காரணம்.

பத்து பதினோரு மணிக்கு வெயில் ஏறினால் எருமை குட்டைக்குப் போயாக வேண்டும். கயிற்றை அவிழ்த்துவிட்டால் போதும், வழி காட்ட வேண்டியதில்லை. எருமையின் தோலில் வேர்வைச் சுரப்பிகள் பசுமாட்டுக்கு இருப்பதைவிடக் குறைவு. முடியும் குறைவு. நிறமோ கறுப்பு, வெயிலை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கிற நல்ல வழி தண்ணீர், இல்லையென்றால் சேறு. சேறு காய்ந்து தோலில் ஒட்டிக்கொண்டால் ஈயும் கொசுவும் கடிக்காது. ஆக எருமை சேற்றில் புரளுவது அழுக்கில் ஆசை வைத்து இல்லை, உயிர் பிழைக்க. 'எருமை மேல் மழை பெய்த மாதிரி' என்று சொல்கிறார்களே, சித்திரை வைகாசியில் ஒரு கோடை மழையில் நனைகிற எருமையைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் அதை வேறு அர்த்தத்தில் சொல்லியிருப்பார்கள். காதைத் தொங்கவிட்டு, கண்ணைப் பாதி மூடி, அசையாமல் நிற்கும். சூடு இறங்குகிற சுகம் அது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

குட்டையில் தண்ணீருக்கு மேலே மூக்கும் கண்ணும் கொம்பும் மட்டும் தெரியும். நாங்கள் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்வோம். நீச்சல் தெரியாத பிள்ளைகள் வாலைப் பிடித்துக்கொண்டு அக்கரை வரை போய்விட்டு வருவார்கள். மேய்ச்சல் காட்டில் ஆடு காணாமல் போனதுண்டு, காளை மிரண்டு யாரையோ தூக்கி எறிந்ததுண்டு. எருமை முதுகிலிருந்து விழுந்து ஒரு பிள்ளைக்கு அடிபட்டதாக எங்கள் ஊரில் நான் கேட்டதில்லை. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் எருமைகளுக்கு ஆடிப்பெருக்கு வந்த மாதிரி. வாய்க்கால் பக்கம் தோட்டம் வைத்திருந்த சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் அங்கே படித்துறையில் ஒரு பக்கம் பெண்கள் துவைத்துக்கொண்டிருப்பார்கள், கொஞ்சம் கீழே எருமைகள் வரிசையாகப் படுத்திருக்கும். பழந்தமிழில் வயலும் குளமுமான மருத நிலத்துக்கு விலங்காக எருமையைச் சொன்னார்கள். காரான், மேதி என்று அதற்கு அப்போது நல்ல பேர்கள் இருந்தன.

சரி, பாலுக்கு வருகிறேன். பசும்பாலில் கொழுப்பு நாலு சதவீதத்தை ஒட்டி இருந்தால், எருமைப்பாலில் ஆறு, ஏழு, சிலதில் எட்டுகூட வரும். அம்மாயி பாலை மண் சட்டியில் வரட்டி நெருப்பில் மதியம் வரை சுண்ட வைப்பார். ஆடை ஒரு விரல் கனத்துக்கு நிற்கும். ராத்திரி உறை ஊற்றினால் காலையில் தயிரைக் கத்தியால் அறுக்கலாம். பெரிய மத்தைத் தூணில் கட்டி, கயிற்றை இழுத்து இழுத்துக் கடைந்து, வெண்ணெய் திரண்டு வருகிற சமயத்தில் சத்தம் மாறும். கொளகொளவென்று இருந்தது திடீரென்று கனத்துப்போகும். அடுப்படியில் வேலையாக இருந்தாலும் அம்மாயிக்கு அந்தச் சத்தம் தெரியும், "போதும் கண்ணு, நிறுத்து" என்பார். வெண்ணெய் வெள்ளை வெளேரென்று இருக்கும். பசு நெய்யில் இருக்கிற மஞ்சள் எருமை நெய்யில் வராது. புல்லிலிருந்து வருகிற அந்த மஞ்சள் சத்தை எருமை தன் உடம்பிலேயே வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடுகிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஊத்துக்குளி வெண்ணெய் என்று தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கியது இதுதான். ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவில் ரயில் நிற்கிற ஒரு சின்ன ஊர், சுற்றிலும் வறண்ட காடு. அந்தக் காட்டில் காய்ந்த தட்டைத் தின்று எருமைகள் கொடுத்த பாலில்தான் அந்தப் பேர் வந்தது. வாரத்துக்கு ஒருநாள் அம்மாயி வெண்ணெய் உருண்டைகளைத் தண்ணீரில் போட்டுத் தூக்குப் போசியில் எடுத்துக்கொண்டு வெண்ணெய்க் கடைக்குப் போவார். நானும் கூடப் போவேன். கடைக்காரர் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்து, மோந்து பார்த்துவிட்டுத் தராசில் வைப்பார். காசை எண்ணி வாங்கி இடுப்பில் சுருக்குப் பையில் முடிந்துகொள்வார் அம்மாயி. அந்தக் காசு அப்புச்சியின் கைக்குப் போனதை நான் பார்த்ததில்லை. என் அம்மாவுக்கு ஒரு ஜோடி வளையல், சித்திக்குக் கம்மல், மாமா காலேஜுக்குக் கட்டிய பணம், எல்லாம் அந்தப் பையிலிருந்து. விவசாயத்தில் வந்தது விதைக்கும் கடனுக்கும் போனது. வீட்டில் தினமும் அடுப்பெரிந்தது எருமைக் காசில். சாணியும் அப்படித்தான், பாதி எருக்குழிக்கு, பாதி வரட்டிக்கு.

இத்தனைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்புச்சி கூட்டிப்போய்க் காட்டுவது காளைகளைத்தான். அதில் எனக்கு அவர்மேல் கோபமில்லை. காங்கேயம் காளை நின்றால் பார்க்கத்தான் தோன்றும், அப்படி ஒரு உயிர். காளைகளுக்குப் பேர் இருந்தது. ஒன்று ராமன், ஒன்று சடையன். ஒரே ஒரு பசு இருந்தது, அது லட்சுமி. எருமைகளுக்குப் பேர் கிடையாது. பெரிய எருமை, கூர்க்கொம்பு எருமை, சந்தை எருமை, அவ்வளவுதான். மாட்டுப் பொங்கலுக்குக் காளைகளுக்கும் லட்சுமிக்கும் கொம்புக்கு வர்ணம் பூசி, மணி கட்டி, பூஜை முடிந்த பிறகு மிச்சமிருக்கிற வர்ணத்தை அம்மாயி எருமைக் கொம்புக்குத் தீற்றுவார். எமனுக்கு வாகனம், மகிஷனுக்கு முகம் என்று ஆகிப்போன ஒரு உயிரை வீட்டு வாசலில் நிறுத்திக் கும்பிட ஜனங்களுக்கு மனசு வரவில்லை போல.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் அத்தனை பேர் கூடினபோது நானும் போயிருந்தேன். நாட்டு மாடு, நாட்டு மாடு என்று எல்லோரும் பேசினோம். காங்கேயம், உம்பளச்சேரி, புலிக்குளம், பர்கூர் என்று பட்டணத்துப் பிள்ளைகள் இனங்களின் பேரை மனப்பாடமாகச் சொன்னார்கள், கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் எருமையின் பேரை ஒருவரும் எடுத்து நான் கேட்கவில்லை. அதே அந்தியூர்ப் பர்கூர் மலையில் பர்கூர் எருமை என்று ஒரு தனி இனம் இருக்கிறது. சின்ன உடம்பு, மலையேறக் கூடிய கால். காட்டில் மேய்ந்து பட்டியில் அடைவது. நாட்டு மாட்டுப் பால் ஏ2 வகைப் புரதம் உள்ள பால் என்று லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள். எருமைப்பாலும் ஏ2 வகைதான். இதை நான் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன், ஒருவர்கூட முதலில் நம்பவில்லை.

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு எருமையைப் பற்றி எழுத எனக்கு மனசு வராது. கிடாக்கன்று. பெண் கன்று போட்டால் வீட்டில் சீம்பால் காய்ச்சிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுப்போம், நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிக் கொண்டுபோய் ஆலமரத்தில் கட்டுவார்கள். கிடா விழுந்தால் அம்மாயியின் முகமே மாறிவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் சேற்று வயலில் உழவுக்குக் கடாக்கள் பழகின காலம் உண்டு. எங்கள் காட்டுக்கு அது ஆகாது, வெயிலில் நிற்காது. அதனால் கிடாக்கன்றுக்கு மடியில் விடுகிற பால் குறைந்துகொண்டே போகும். சிலது அப்படியே மெலிந்து செத்துப்போகும், பிழைத்தது சந்தை வழியாக அடிமாட்டுக்குப் போகும். கன்று செத்துப்போனால் தாய் பால் விடாது. அதற்காகச் செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்துத் தாயின் முன்னால் நிறுத்துவார்கள். தாய் அதை நக்கும், சொரப்பு விடும். ஒருமுறை பார்த்தேன். அதன்பிறகு ரொம்ப நாள் நான் பால் குடிக்கவில்லை. அம்மாயி என்னை வற்புறுத்தவும் இல்லை. "பாவந்தான் கண்ணு, என்ன பண்ணறது" என்று மட்டும் சொன்னார். அவர் அந்தத் தோல்கன்றை நிறுத்துகிறபோது எருமையின் கண்ணைப் பார்க்க மாட்டார், அது எனக்குத் தெரியும்.

வேலைக்குப் போன பிறகு ஒருதரம் ஊட்டிக்குப் போனபோது மலைப் பழங்குடிகளான தோடர்களின் மந்து ஒன்றை, அதாவது அவர்கள் குடியிருப்பு ஒன்றை, பார்க்கப் போனோம். இரண்டாயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள் அவர்கள். எருமைதான் அவர்களுடைய கோயில், சடங்கு, பாட்டு எல்லாம். பால் கறந்து தயிராக்கிக் கடைகிற இடமே கோயில், அதைச் செய்கிறவரே பூசாரி. பால் வேலை அங்கே முழுக்க ஆண்களுடையது, பெண்கள் அந்தக் கோயிலுக்குள் போவதில்லை. எங்கள் வீட்டுக்கு நேர்மாறு. மேய்ச்சல் எருமைகளுக்கு உப்புத் தண்ணீர் காட்டுவதைக்கூட ஒரு சடங்காகவே செய்கிறார்கள். அந்த எருமைகளே தனி. சாம்பலும் பழுப்புமான நிறம், பிறை மாதிரி விரிந்த கொம்பு, மனிதர்களைக் கண்டால் நிமிர்ந்து நிற்கிற தோரணை. அங்கே பெண் எருமைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பேர் உண்டு என்றும், வம்சத்தைத் தாய் வழியாகச் சொல்லுவார்கள் என்றும் கேட்டபோது எனக்குக் கூர்க்கொம்பு எருமை ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. அங்கேயும் நிலைமை நன்றாக இல்லை. அவை மேய்ந்த புல்வெளிகளில் தேயிலையும் தைல மரமும் சீகை மரமும் ஏறிவிட்டன. புல்வெளி போனால் எருமை போகும், எருமை போனால் அந்தக் கோயிலில் கடைவதற்கு என்ன இருக்கும்?

கணக்கைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எருமைகள் சுமார் 7.8 லட்சம். 2019இல் 5.2 லட்சத்தைக்கூட எட்டவில்லை. அதே 2019இல் நம் மாநிலத்தில் பசுவும் காளையுமாக 95 லட்சம். நாடு முழுக்க எருமை குறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அந்த 2019 கணக்கில் இந்தியாவில் 10.98 கோடி எருமைகள், முந்தைய கணக்கைவிட ஒரு சதவீதம் அதிகம். ஹரியானா, பஞ்சாப், உத்தரப் பிரதேசம், குஜராத் பக்கமெல்லாம் முர்ரா, ஜாஃப்ராபாதி என்கிற எருமை இனங்கள் மதிப்போடு நிற்கின்றன. நாம்தான் கைவிட்டோம்.

கைவிட்டவர்களைக் குறை சொல்லவும் எனக்கு முடியவில்லை, ஏனென்றால் கணக்கு அப்படி. கலப்பினப் பசு இரண்டரை மூன்று வயதில் முதல் ஈத்துக்கு வந்துவிடும், எருமைக்கு நாலு வயதாகும். பசுவுக்குச் சினைக்காலம் ஒன்பது மாதம் சொச்சம், எருமைக்குப் பத்து மாதத்துக்கும் மேல். அதிலும் எருமை பருவத்துக்கு வருவதே வெளியே தெரியாது. கத்தாது, துள்ளாது, பாதி நேரம் நடு ராத்திரியில் வந்து போய்விடும். ஊமைச் சினைப்பருவம் என்பார்கள் டாக்டர்கள். கூடவே இருக்கிற ஆள் கண்டுபிடித்தால் உண்டு. அம்மாயி வாலைத் தூக்குகிற விதத்தை வைத்தே சொல்லிவிடுவார். காலையில் பால் கறந்து வைத்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனி வேனில் ஏறுகிற பெண்ணுக்கு அதைக் கவனிக்க ஏது நேரம்? இன்னொரு பக்கம், 2011இல் அரசு விலையில்லாமல் கறவை மாடு கொடுக்க ஆரம்பித்தபோதும் கொடுத்தது பசுக்களைத்தான். எருமைப்பாலுக்கு விலை கூடுதல் என்பது உண்மை. 2022 நவம்பரில் ஆவின் கொள்முதல் விலையை உயர்த்தினபோது பசும்பால் லிட்டர் 35 ரூபாய், எருமைப்பால் 44 ரூபாய். ஆனால் கலப்பினப் பசு பதினைந்து லிட்டர் ஊற்றுகிற இடத்தில் நாட்டெருமை நாலைந்து லிட்டர் ஊற்றினால் ஒன்பது ரூபாய் அதிகம் கிடைத்து என்ன பிரயோஜனம்.

இதெல்லாம் இருக்கட்டும். எங்கள் ஊரில் எருமை ஒழிந்ததற்கு முதல் காரணம் என்று கேட்டால் நான் குட்டையைத்தான் சொல்வேன். ஒரு கரையில் குப்பை கொட்டினார்கள், ஒரு கரையில் வீடு கட்டினார்கள், நடுவில் சீமைக்கருவேலம் அடைந்தது. மிச்சம் நின்ற தண்ணீரில் சாயத்தின் நிறம் வந்தது. அதில் இறங்கின எருமைக்குத் தோல் உரிந்தது. அப்புறம் வீட்டிலேயே போர் தண்ணீரைக் குழாயில் பிடித்து ஊற்றினோம். ஒரு எருமைக்குக் கோடையில் நாளுக்கு மூன்று நான்கு தடவை ஊற்ற வேண்டும். மனிதர்களுக்கே குடம் வைத்து வரிசையில் நிற்கிற ஊரில் எத்தனை நாளைக்கு ஊற்ற முடியும்?

2013 கோடை. அதற்கு முந்தின வருஷமும் மழை இல்லை. அப்புச்சி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, காளைகள் எப்போதோ போய்விட்டன. கூர்க்கொம்பு எருமையின் பேத்தி ஒன்று மட்டும், இரண்டாம் ஈத்து, கன்றோடு நின்றது. சோளத்தட்டு கட்டுக்குச் சொன்ன விலையைக் கேட்டு மாமா விற்றுவிடலாம் என்றார். அம்மாயி இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை, கறவைக்குத்தான் விற்க வேண்டும், வெட்டுக்கு இல்லை.

கருங்கல்பாளையம் சந்தைக்கு வியாழக்கிழமை விடியற்காலையில் போனோம். அம்மாயியும் வந்தே தீருவேன் என்று டெம்போவில் ஏறிக்கொண்டார். கேரளா, கர்நாடகா வியாபாரிகள், தரகர்கள், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள். மூன்று பேர் நல்ல விலைக்குக் கேட்டார்கள், ஆளைப் பார்த்தே அம்மாயி தலையை ஆட்டிவிட்டார். எட்டு மணி வாக்கில் பவானிப் பக்கமிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அந்த அம்மாதான் முதலில் எருமையின் பக்கத்தில் வந்து, மடியைப் பார்க்காமல் நெற்றியில் கை வைத்தார். மற்றவர்கள் கேட்டதைவிட நாலாயிரம் குறைவாகத்தான் அவர்களால் முடிந்தது. அம்மாயி மாமாவைப் பார்த்தார், மாமா கயிற்றைக் கொடுத்துவிட்டார்.

வண்டியில் ஏற்றுகிறபோது அம்மாயி இடுக்கியிருந்த மஞ்சப்பையை அந்த அம்மாவிடம் நீட்டினார். உள்ளே அவருடைய பழைய சீலை ஒன்று.

"துவைக்கலீங்க, வேணும்னுதான் துவைக்கல. ஒரு வாரத்துக்கு இதக் கட்டிக்கிட்டுக் கறங்க. பேசாம கறங்க. அப்புறம் உங்க கைக்கு வந்துரும்."

அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

நாலு நாள் கழித்து மாமாவின் செல்லுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். "அம்மாகிட்டச் சொல்லுங்க, இன்னைக்குக் காலைல மூணு லிட்டரு விட்டுருச்சுங்க. கன்னும் நல்லா இருக்குது." அம்மாயி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தண்ணியில விடறீங்களான்னு கேளு, என்றார். பக்கத்திலேயே வாய்க்கால் இருக்குதுங்க, தினம் ரெண்டு மணி நேரம் படுத்துக் கிடக்குதுங்க என்று பதில் வந்தது.